முகத்தைப் படிக்கும் கருவி வந்துவிட்டது. குழியைத் தூர்வாரும் கருவி எங்கே?

‘விஷவாயு தாக்கி இருவர் பலி.’

இந்தத் தலைப்பை வாசிக்காத தமிழ் வாசகர் இருக்க முடியாது. ஊரின் பெயர் மாறும், எண்ணிக்கை மாறும், வாக்கியம் மட்டும் மாறாது. ஒரு நிமிடம் நின்று இந்த வாக்கியத்தைப் பாருங்கள். தாக்கியது யார்? விஷவாயு. அதற்கு முகவரி கிடையாது. அது ஒப்பந்தம் எடுக்கவில்லை, எந்தக் கோப்பிலும் கையெழுத்துப் போடவில்லை, அதன் மீது வழக்குத் தொடர முடியாது. அந்த இருவரையும் குழிக்குள் இறக்கியவர் யார், எவ்வளவு கூலி பேசி இறக்கினார், மேலே நின்று கயிற்றைப் பிடித்திருந்தாரா, அல்லது டீக்கடையில் நின்றாரா என்பதெல்லாம் தலைப்புக்குள் வராது. பல நேரம் செய்திக்குள்ளும் வராது. மின்னல் தாக்கி மாடு இறந்தது என்பதைப் போல அது ஓர் இயற்கை நிகழ்வாக அச்சாகிறது.

அந்த வாயு என்ன செய்யும் என்பது பள்ளி வேதியியல் படித்த எவருக்கும் புரியக்கூடியதுதான். கழிவு தேங்கி அழுகும் இடத்தில் ஹைட்ரஜன் சல்பைடு உருவாகும். அழுகிய முட்டை நாற்றம் அடிப்பது அதுதான். அளவு குறைவாக இருக்கும்போது மூக்கு எச்சரிக்கும். அளவு கூடினால் மணம் அறியும் நரம்பையே அது முடக்கிவிடும். ஆகவே ‘நாற்றம் அடங்கிவிட்டது, இறங்கலாம்’ என்று தோன்றும் நேரம்தான் மிகக் கொடிய நேரம். கூடவே மீத்தேன் இருக்கும், அதற்கு மணமே இல்லை. ஆக்சிஜன் போதாது. முதலில் இறங்கியவர் சில மூச்சுகளில் சரிகிறார். அவரைத் தூக்க இரண்டாமவர் இறங்குகிறார். பலியானவர்களின் எண்ணிக்கை பெரும்பாலும் ஒன்றில் நிற்காததற்கு இதுவே காரணம். அந்த இரண்டாமவர் அநேகமாக முதலாமவரின் அண்ணனாகவோ மகனாகவோ மச்சானாகவோ இருப்பார், ஏனென்றால் இந்த வேலை குடும்பம் குடும்பமாகத்தான் சுமத்தப்பட்டிருக்கிறது.

கயிற்றில் கட்டிக் குழிக்குள் இறக்கினால் எந்த வாயு எவ்வளவு இருக்கிறது என்று சொல்லி, ஆபத்து என்றால் அலறும் கையடக்கக் கருவி சந்தையில் கிடைக்கிறது. சட்டைப் பையில் அடங்கும் அளவு. விலை ஒரு நல்ல கைப்பேசியின் விலைதான்.

இந்த இடத்தில் வழக்கமாக ஓர் ஒப்பீடு வந்து நிற்கும். 2023 ஆகஸ்ட் 23 அன்று நிலவின் தென்துருவத்துக்கு அருகே சந்திரயான்-3 இறங்கியது, நமது தெருவின் குழிக்குள் மட்டும் இன்னும் மனிதன் இறங்குகிறான் என்று. நானும் இதை மேடையில் கேட்டுக் கைதட்டியவன்தான். ஆனால் சொல்லிச் சொல்லி இந்த ஒப்பீடு தேய்ந்துவிட்டது, தோழர்களே. அதைவிட முக்கியமாக, அது நம்மைத் தவறான கேள்விக்கு அழைத்துப் போகிறது. ‘இன்னும் தொழில்நுட்பம் வரவில்லையே’ என்ற ஏக்கத்தில் அது முடிகிறது. தொழில்நுட்பம் வந்து வெகுநாளாகிவிட்டது. அது யார் வீட்டு வாசல்வரை வந்தது, எந்த வாசலில் நின்றுவிட்டது என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

சட்டத்திலிருந்து தொடங்குகிறேன். கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்த முதல் மத்தியச் சட்டம் 1993-இல் வந்தது. அது போதாமல் 2013-இல் இன்னொரு சட்டம். அதன் 7-வது பிரிவு, பாதுகாப்பில்லாத முறையில் பாதாளச் சாக்கடையையும் கழிவுநீர்த் தொட்டியையும் சுத்தம் செய்ய எவரையும் அமர்த்தக் கூடாது என்கிறது. மீறினால் முதல் முறை இரண்டு ஆண்டு வரை சிறை. 33-வது பிரிவை நம்மில் பலர் கவனிப்பதில்லை. சாக்கடையையும் தொட்டியையும் சுத்தம் செய்ய நவீனக் கருவிகளைப் பயன்படுத்துவது உள்ளாட்சி அமைப்புகளின் கடமை என்று அது சொல்கிறது. அதாவது இயந்திரம் வாங்குவது ஏதோ முற்போக்கான ஆணையரின் கருணை கிடையாது. பத்தாண்டுகளுக்கும் மேலாகச் சட்டப்படி அது கடமை. விதிகள் இன்னும் ஒரு படி மேலே போகின்றன. இயந்திரத்தால் முடியவே முடியாத குறிப்பிட்ட சில வேலைகளுக்கு மட்டும், முழுப் பாதுகாப்புக் கருவிகளோடு ஆளை இறக்கலாம். அந்தப் பட்டியலில் இல்லாத வேறெந்தச் சூழலிலும், தவிர்க்கவே முடியாது என்ற காரணத்தைக் குறிப்பிட்டு உள்ளாட்சியின் தலைமை அதிகாரி எழுத்துப்பூர்வமாக அனுமதி தர வேண்டும். அப்படி ஒரு கடிதத்தை யாராவது பார்த்திருக்கிறீர்களா?

சஃபாய் கர்மசாரி ஆந்தோலன் தொடுத்த வழக்கில் 2014 மார்ச் 27 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1993 முதல் இறந்த ஒவ்வொருவரின் குடும்பத்துக்கும் 10 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்றது. 2023 அக்டோபரில் அது 30 லட்சமாக உயர்த்தப்பட்டது. 2025 ஜனவரியில் டெல்லி, மும்பை, சென்னை, கொல்கத்தா, பெங்களூரு, ஐதராபாத் ஆகிய ஆறு பெருநகரங்களில் மனிதரை இறக்குவதை நிறுத்தச் சொல்லி மறுபடியும் உத்தரவிட்டது. ஏற்கெனவே நாடு முழுக்கத் தடை செய்யப்பட்ட ஒன்றை ஆறு நகரங்களில் தனியாகத் தடை செய்ய வேண்டியிருக்கிறது என்றால், அந்தச் சட்டத்துக்கு இந்த நாட்டில் என்ன மரியாதை என்று புரிந்துகொள்ளலாம்.

சரி, கருவிகள் இருக்கின்றனவா? இருக்கின்றன. அழுத்தத்தில் நீரைப் பீய்ச்சி அடைப்பை உடைக்கும் ஜெட்டிங் வண்டிகளும், கழிவை உறிஞ்சும் வண்டிகளும் பல பத்தாண்டுகளாக உலகெங்கும் ஓடுகின்றன. நம் நாட்டு அதிகாரிகள் சொல்லும் முதல் சாக்கு, ‘நம்ம ஊர்ச் சந்துகளில் பெரிய லாரி நுழையாது’ என்பது. 2017-இல் ஐதராபாத் குடிநீர் வாரியம் இதற்குப் பதில் சொல்லிவிட்டது. குறுகிய சந்துக்குள் போகக்கூடிய சிறிய ஜெட்டிங் வண்டிகளை அது இறக்கியது. 2019-இல் டெல்லி 200 வண்டிகளைக் கொண்டு வந்தது. 2015-இல் கோழிக்கோட்டில் குழிக்குள் மயங்கிய இரு தொழிலாளர்களும், அவர்களைக் காப்பாற்ற இறங்கிய ஆட்டோ ஓட்டுநரும் இறந்தார்கள். அந்த நிகழ்வுக்குப் பிறகு கேரள இளம் பொறியாளர்கள் நால்வர் உருவாக்கிய பாண்டிகூட் என்ற ரோபோ 2018-இல் திருவனந்தபுரத்தில் வேலைக்கு வந்தது. அதே ஆண்டு நம் கும்பகோணத்துக்கும் வந்தது. கழிவுநீர்த் தொட்டிகளுக்கென்றே சென்னை ஐ.ஐ.டி.யில் ஹோமோசெப் என்ற ரோபோ உருவானது. ஆகவே அறிவியலின் பக்கம் பாக்கி எதுவும் இல்லை.

பாக்கி கணக்கில் இருக்கிறது. ஓர் இயந்திரத்தை எப்போது வாங்குவார்கள்? அது மனித உழைப்பைவிட மலிவாக இருக்கும்போது. மார்க்ஸ் ‘மூலதனம்’ நூலில் இதற்கு ஓர் எடுத்துக்காட்டு தருகிறார். அவர் காலத்து இங்கிலாந்தில் கால்வாய்ப் படகுகளை இழுக்கச் சில இடங்களில் குதிரைக்குப் பதில் பெண்களைப் பூட்டினார்கள். குதிரையை வாங்கவும் தீனி போடவும் ஆகும் செலவு கணக்கில் தெரியும். வறுமையில் கிடந்த அந்தப் பெண்களின் உயிருக்கு யாரும் கணக்கு வைக்கவில்லை. இயந்திரங்களின் நாடான இங்கிலாந்திலேயே இயந்திரம் தோற்ற இடம் அது.

நம் நாட்டில் அந்த மலிவைச் சந்தை மட்டும் தீர்மானிப்பதில்லை. ஒரு சாதியில் பிறந்தவருக்கு வேறு வேலை தராமல், வாடகைக்கு வீடு தராமல், டீக்கடை வைத்தால் டீ குடிக்காமல், மீண்டும் மீண்டும் அதே குழியின் விளிம்புக்குத் துரத்துவதால் அந்த உழைப்பு மலிவாகிறது. சாதி என்பது தொழிலைப் பிரித்த ஏற்பாடு மட்டும் இல்லை, தொழிலாளர்களையே பிரித்து அடுக்கிய ஏற்பாடு என்று 1936-இல் ‘சாதி ஒழிப்பு’ உரையில் அண்ணல் சுட்டியது இதைத்தான். மத்திய அரசின் நமஸ்தே திட்டத்துக்காகச் சாக்கடை, கழிவுநீர்த் தொட்டித் தொழிலாளர்கள் சுமார் 38,000 பேரின் விவரங்களைச் சேகரித்தார்கள். 2024-இல் வெளிவந்த அந்தக் கணக்கின்படி அவர்களில் ஏறத்தாழ 92 சதவீதம் பேர் பட்டியல் சாதி, பழங்குடி, இதர பிற்படுத்தப்பட்ட வகுப்பினர். பட்டியல் சாதியினர் மட்டுமே மூன்றில் இரண்டு பங்குக்கு மேல். ‘நகரத்தில் யார் சாதி பார்க்கிறார்கள்’ என்று கேட்கும் நண்பர்கள் நகரத்தின் தரைக்கு மேலே மட்டும் பார்க்கிறார்கள்.

ரயிலின் கதையையும் சொல்லியாக வேண்டும். இந்தியாவில் ரயில் வந்தால் அதைத் தொடர்ந்து நவீனத் தொழில்கள் வரும், சாதிக்கு அடிப்படையான பரம்பரைத் தொழில் பிரிவினையை அவை கரைத்துவிடும் என்று 1853-இல் எதிர்பார்த்தவரும் மார்க்ஸ்தான். ரயில் வந்தது. ஒரே பெட்டியில் எல்லோரும் அமர்ந்தார்கள். அது சாதாரண மாற்றமில்லை, அதைக் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் அந்தப் பெட்டியின் கழிவறைத் துளை வழியே தண்டவாளத்தில் விழுந்ததைக் கூட்டி அள்ளியவர்கள் யார்? சாதியைக் கரைக்கும் என்று நம்பப்பட்ட அதே இருப்புப்பாதையில் விளக்குமாறோடும் வாளியோடும் நின்றவர்கள் தலித் பெண்களும் ஆண்களும்தான். நூறாண்டுக்கும் மேல் நின்றார்கள்.

பிறகு உயிரிக் கழிவறை வந்தது. ராணுவ ஆராய்ச்சி நிறுவனமான டி.ஆர்.டி.ஓ. தொழில்நுட்பம் கொடுத்தது. சில ஆண்டுகளுக்குள் ஏறக்குறைய எல்லாப் பயணிகள் பெட்டிகளிலும் லட்சக்கணக்கில் பொருத்திவிட்டார்கள். இந்த அரசால் முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். ஆனால் அதற்குத் திரும்பத் திரும்பச் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று, மலமும் சிறுநீரும் தண்டவாளத்தை அரிக்கின்றன என்பது. இரும்பு அரிக்கப்படுவது நட்டக் கணக்கில் ஏறியது. கைகள் அரிக்கப்பட்டது எந்தக் கணக்கிலும் ஏறவில்லை.

இன்னும் நெருக்கமான எடுத்துக்காட்டு நம் டெல்டாவில் இருக்கிறது. கூலி உயர்வு கேட்டுச் சங்கமாகத் திரண்டதற்காக 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேரை ஒரே குடிசைக்குள் வைத்து எரித்தார்கள். அதற்குப் பிறகும் கூலி கேட்கும் குரல் ஓயவில்லை. பின்னாளில் கதிர் அறுக்கும் இயந்திரம் வந்தது. ‘ஆள் கிடைக்கவில்லை, கூலி கட்டுபடியாகவில்லை’ என்றார்கள். சேற்று வயலில் டயர் வண்டி இறங்காதே என்று யாரும் கைவிட்டுவிடவில்லை, பெல்ட் வண்டி வந்தது. வெளிமாவட்டத்திலிருந்து லாரியில் ஏற்றி வந்து மணிக்கு இவ்வளவு வாடகை என்று வயலில் இறக்கினார்கள். தலித் உழைப்பாளி நிமிர்ந்து கூலி கேட்ட இடத்தில், அவர் சோற்றில் கைவைக்க, இயந்திரம் சேற்றைக் கடந்தும் வந்து சேர்ந்தது. அவர் உயிரைக் காக்க வேண்டிய இடத்துக்கு மட்டும் ‘சந்து குறுகல்’.

சரி, தூய்மைப் பணியாளர்களிடம் தொழில்நுட்பம் வரவே இல்லையா என்றால், வந்திருக்கிறது. மணிக்கட்டுக்கு வந்திருக்கிறது. நாக்பூர், சண்டிகர், பஞ்ச்குலா போன்ற நகரங்களில் மாநகராட்சிகள் அவர்களுக்கு ஜி.பி.எஸ். கைக்கடிகாரம் கட்டிவிட்டன. எங்கே நிற்கிறார், எவ்வளவு நேரம் நிற்கிறார், ஒதுக்கிய தெருவைவிட்டு நகர்ந்தாரா என்பதை எங்கோ ஓர் அறையில் திரையில் பார்த்துக்கொண்டிருப்பார்கள். சண்டிகரில் தொழிலாளர்கள் இதை எதிர்த்துத் தெருவில் இறங்கினார்கள். கழிவறைக்குப் போனாலும் அந்தக் கடிகாரம் காட்டிக் கொடுக்கும் என்பது அதை அணியும் பெண்களுக்கு எப்படி இருக்கும் என்று, வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் உரிமைக்காகப் பேசும் நம் ஐ.டி. தோழர்கள் ஒரு நிமிடம் யோசித்துப் பார்க்கலாம். நூறு நாள் வேலையிலும் இதே கதைதான். 2023 ஜனவரி 1 முதல் நாளுக்கு இரண்டு முறை செயலியில் படம் எடுத்து ஏற்றினால்தான் வருகைப் பதிவு. கிராமத்தில் சிக்னல் இல்லையென்றால் மண் சுமந்த நாள் வேலை செய்யாத நாளாகிவிடும்.

முகத்தைப் படித்து வருகையைப் பதியும் கருவிக்கு நிதி கிடைக்கிறது, டெண்டர் விடப்படுகிறது, பழுதானால் உடனே ஆள் வருகிறது. வாயுவை அளக்கும் கருவிக்கு மட்டும் நிதி கிடைப்பதில்லை. தொழிலாளி வேலைக்கு வந்தாரா என்று காலையில் தெரிந்துகொள்ளும் அக்கறை, அவர் மாலையில் உயிரோடு திரும்பினாரா என்பதில் இல்லை. தொழில்நுட்பம் நடுநிலையானது என்று சொல்பவர்கள் இந்த இரண்டு கொள்முதல் கோப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

அரசை மட்டும் சொல்லிவிட்டுத் தப்பிக்க நான் தயாரில்லை. நான் வாடகைக்கு இருக்கும் அடுக்குமாடிக் குடியிருப்பில் வாயிலில் ஒரு செயலி இருக்கிறது. வீட்டு வேலைக்கு வரும் அக்கா எத்தனை மணிக்கு உள்ளே வந்தார், எத்தனை மணிக்கு வெளியே போனார் என்பது எங்கள் எல்லோருடைய கைப்பேசியிலும் வந்துவிடும். மின்தூக்கி ஐந்து நிமிடம் நின்றால் குழுவில் ஐம்பது செய்திகள் குவியும். போன ஆண்டு மழைக்காலத்தில் கழிவுநீர்த் தொட்டி நிரம்பி வழிந்தது. உடனே குழுவில் வந்த செய்தி: ‘யாருக்காவது தெரிந்த ஆள் இருந்தால் நம்பர் அனுப்பவும்.’ கவனியுங்கள், வண்டி என்று கேட்கவில்லை. மின்தூக்கி நின்றபோது ‘தெரிந்த ஆள்’ தேடாமல் நிறுவனத்தின் சேவை மையத்தைத்தான் அழைத்தார்கள். தொட்டி என்றதும் படித்த, நவீனமான, தானியங்கி விளக்கு எரியும் வீடுகளில் வாழும் நாற்பது குடும்பங்களின் மனதில் தானாக வந்த சொல் ‘ஆள்’. கழிவுநீர் அகற்றும் வண்டியை அழைக்க 14420 என்ற உதவி எண் இருக்கிறது என்று எழுதினேன். ‘லாரி வந்தால் தரை ஓடு உடையும், சார்’ என்று ஒருவர் பதில் போட்டார். கடைசியில் லாரிதான் வந்தது, ஓடும் உடையவில்லை. ஆனால் அந்த பதில் என் மனதைவிட்டுப் போகவில்லை. இரும்பின் அரிப்பைக் கணக்கிட்ட ரயில்வேக்கும் தரை ஓட்டைக் கணக்கிட்ட எங்கள் குடியிருப்புக்கும் என்ன வேறுபாடு?

இந்தத் தனியார் வீடுகள் சின்ன விஷயமில்லை. 2022, 2023 ஆண்டுகளில் நிகழ்ந்த மரணங்களில் 54-ஐ எடுத்து மத்திய அரசே நடத்திய சமூகத் தணிக்கையின் முடிவு 2025-இல் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது. இறந்தவர்களில் 90 சதவீதத்துக்கும் மேற்பட்டோரிடம் எந்தப் பாதுகாப்புக் கருவியும் இல்லை. பெரும்பாலோர் எந்த அமைப்பின் ஊழியரும் இல்லை, தனித்தனியாகப் பேசி அழைத்து வரப்பட்டவர்கள். ‘தெரிந்த ஆள் நம்பர்’ என்பது இப்படித்தான் முடிகிறது.

இங்கே ஒரு பழைய விவாதத்தை நினைவுபடுத்த வேண்டும். காந்தி மலம் அள்ளும் தொழிலைப் புனிதப்படுத்தினார், இயந்திர நாகரிகத்தைச் சந்தேகித்தார். தீண்டப்படாத மக்களுக்குக் காங்கிரசும் காந்தியும் செய்தது என்ன என்ற தலைப்பில் 1945-இல் எழுதிய நூலில் அண்ணல் அம்பேத்கர் இந்த இரண்டையும் ஒருசேர எடுத்து உடைக்கிறார். இயந்திரம்தான் மனிதனுக்கு ஓய்வைத் தருகிறது, ஓய்வு இருந்தால்தான் பண்பாடு, அது இல்லாத வாழ்க்கை விலங்கு வாழ்க்கை என்பது அவர் வாதம். இயந்திரத்தால் தீமை விளைந்தால் குற்றம் இயந்திரத்தின் மீது இல்லை, அதன் பலனைச் சிலர் மட்டும் அனுபவிக்கும்படி அமைந்த சமூகத்தின் மீது என்கிறார். ஏறக்குறைய அதே காலத்தில் இங்கே தந்தை பெரியார், ‘இனிவரும் உலகம்’ என்று, ஒவ்வொருவர் பையிலும் தொடர்புக் கருவி இருக்கும் காலத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். கைப்பேசி வந்ததும் நாம் ‘அன்றே சொன்னார் பெரியார்’ என்று பகிர்ந்து மகிழ்கிறோம். மகிழலாம். ஆனால் பெரியார் ஜோசியம் சொல்லவில்லை. உடல் நோகும் உழைப்பிலிருந்து எல்லோரும் விடுபட்ட சமூகத்தை அவர் கற்பனை செய்தார். கருவிகள் அதற்கு வழி. கருவிகள் வந்தன. விடுதலை வந்ததா என்று பார்க்காமல் கருவியை மட்டும் பகிர்வது, கல்யாண வீட்டில் பந்தலைப் படம் எடுத்துவிட்டு மணமக்களை மறந்ததைப் போல.

ஆகவே நான் இயந்திரத்தின் எதிரி இல்லை. ‘ரோபோ வந்துவிட்டது, பிரச்சினை முடிந்தது’ என்னும் செய்திகளிடம் மட்டும் எனக்கு எச்சரிக்கை உண்டு. 2013 சட்டத்திலேயே ஒரு வழுக்கல் இருக்கிறது. மத்திய அரசு அறிவிக்கும் கருவிகளோடும் பாதுகாப்பு உடைகளோடும் மலத்தைச் சுத்தம் செய்பவர், சட்டத்தின் பார்வையில் கையால் மலம் அள்ளுபவர் ஆக மாட்டார். கையுறையைக் கொடுத்துவிட்டால் வரையறையிலிருந்தே ஆளை நீக்கிவிடலாம். இந்தச் சொல் விளையாட்டு நாடாளுமன்றம் வரை போனது. 2021 ஜூலையில் ‘கையால் மலம் அள்ளுவதால் எவரும் இறந்ததாகத் தகவல் இல்லை’ என்று மாநிலங்களவையில் ஒன்றிய அமைச்சர் பதில் சொன்னார். சாக்கடையிலும் தொட்டியிலும் இறந்தவர்கள் வேறு தலைப்பின் கீழ், ‘அபாயகரமான சுத்திகரிப்பு’ என்ற கணக்கில் இருந்தார்கள். இறந்தவரை உயிர்ப்பிக்க முடியாத அரசு, அவருடைய மரணத்தை வேறு பத்திக்கு மாற்றத் தெரிந்து வைத்திருக்கிறது.

இயந்திரம் வந்த பிறகு அதன் அருகில் யார் நிற்கிறார் என்பதும் கேள்விதான். கழிவுநீர் லாரிகளில் நான் பார்த்தவரை, உரிமையாளர் ஒரு சாதி, ஓட்டுநர் பெரும்பாலும் இன்னொரு சாதி, குழாயைத் தூக்கித் தொட்டிக்குள் விடும் உதவியாளர் மட்டும் மாறாமல் அதே சாதி. குழாயின் நீளத்துக்குத்தான் தூரம் கூடியிருக்கிறது. ஐதராபாத்திலும் டெல்லியிலும் வண்டிகளைத் தலித் தொழில்முனைவோர் கையில் கொடுத்தார்கள். உயிரைப் பணயம் வைத்தவரை உரிமையாளர் ஆக்குவது நல்ல தொடக்கம், ஆதரிக்கிறேன். ஆனாலும் ஒரு நெருடல் இருக்கிறது. தலித்துகளுக்குக் கடன் கொடுத்து முதலாளி ஆக்க வேண்டுமென்றால், அரசுக்கு ஏன் சாக்கடை வண்டிதான் முதலில் நினைவுக்கு வருகிறது? மென்பொருள் நிறுவனமோ மருந்துக் கடையோ பெட்ரோல் நிலையமோ ஏன் வருவதில்லை? விமானத்தை ஓட்ட எல்லாச் சாதியினரும் போட்டி போடுகிறார்கள். ரோபோவை இயக்கும் பொத்தானை அழுத்தவும் அதே போட்டி வரும்வரை அந்தப் பொத்தானிலும் சாதி இருக்கிறது என்றுதான் பொருள்.

2025 ஆகஸ்டில் சென்னை ரிப்பன் மாளிகை வாசலில் 13 நாட்கள் அமர்ந்திருந்த தூய்மைப் பணியாளர்கள் என்ன கேட்டார்கள் என்பதை இங்கே நினைத்துக்கொள்கிறேன். ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் குப்பைப் பணியைத் தனியாரிடம் கொடுக்காதே, எங்களைப் பணி நிரந்தரம் செய் என்றார்கள். நள்ளிரவில் காவல்துறை அவர்களை அப்புறப்படுத்தியது. தனியார்மயம் எங்கும் தன் சொந்தப் பெயரில் வருவதில்லை. பேட்டரி வண்டி, நவீன மேலாண்மை, திறன் என்ற பெயர்களில்தான் வரும். பணி நிரந்தரம் இருக்கும் தொழிலாளியால் ‘வாயுவை அளக்காமல் இறங்க மாட்டேன்’ என்று சொல்ல முடியும். ஒப்பந்தத் தொழிலாளி அப்படிச் சொன்னால் நாளைக்கு வேறு ஆள். குழிக்கு மேலே நின்று மறுக்கும் உரிமைதான் முதல் பாதுகாப்புக் கருவி, ரோபோ அதற்கு அடுத்ததுதான். இறந்த பிறகு தரும் 30 லட்சத்தைப் பற்றிப் பேசும் நாம், உயிரோடு இருப்பவரின் மாதச் சம்பளத்தைப் பற்றிக் குறைவாகவே பேசுகிறோம்.

வழக்குகளின் நிலையும் இதேதான். மரணம் நிகழ்ந்தால் பெரும்பாலும் கவனக்குறைவால் மரணம் விளைவித்தல் என்ற பிரிவில் வழக்குப் பதிவாகிறது. சாலை விபத்துக்குப் போடும் அதே பிரிவு. 2013 சட்டம் இருக்கிறது. பட்டியல் சாதியினரைக் கையால் மலம் அள்ள அமர்த்துவதே குற்றம் என்று 2016 முதல் நடைமுறைக்கு வந்த வன்கொடுமைத் தடுப்புச் சட்டத் திருத்தம் சொல்கிறது. அந்தப் பிரிவுகளைச் சேர்க்கச் சொல்லிக் காவல் நிலைய வாசலில் இயக்கத் தோழர்கள் மணிக்கணக்கில் நிற்க வேண்டியிருக்கிறது. பிணவறையில் உடலை வாங்க மறுத்த பிறகே சில இடங்களில் பிரிவு மாறுகிறது.

இளம் தோழர்களுக்கு ஒரு வேலை சொல்கிறேன். செயலி வடிவமைக்கத் தெரிந்தவர்களும் தரவுகளைத் தோண்டத் தெரிந்தவர்களும் உங்களில் நிறையப் பேர் இருக்கிறீர்கள். உங்கள் நகராட்சிக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனுப் போடுங்கள். ஜெட்டிங், உறிஞ்சு வண்டிகள் எத்தனை இருக்கின்றன, கடந்த ஓராண்டில் ஒவ்வொன்றும் எத்தனை நாள் ஓடின என்று அதன் ஓட்டப் பதிவேட்டின் நகலோடு கேளுங்கள். வாயு அளக்கும் கருவி எத்தனை வாங்கினார்கள், வருகைப் பதிவுக் கருவிகளுக்கு எவ்வளவு செலவிட்டார்கள் என்று ஒரே மனுவில் அடுத்தடுத்துக் கேளுங்கள். குழிக்குள் ஆளை இறக்க அதிகாரி எழுத்தில் கொடுத்த அனுமதிக் கடிதங்கள் அனைத்தின் நகலையும் கேளுங்கள். ‘அப்படி எதுவும் இல்லை’ என்று பதில் வந்தால் அதைப் பத்திரமாக வையுங்கள். அடுத்த முறை உங்கள் ஊரில் ‘விஷவாயு தாக்கி’ என்று தலைப்பு வரும்போது அந்த ஒற்றைத் தாள் நீதிமன்றத்தில் பேசும். மனுவுக்குக் கட்டணம் 10 ரூபாய். பதில் தர அவர்களுக்கு 30 நாள் அவகாசம்.